சாவியை வாங்குமுன் சில வார்த்தைகள்

(மும்பை கிளை உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பேட்டையில் பூட்டிக் கிடக்கும் முனிசிபல் பள்ளிக் கட்டிடத்தை நம் சங்கத்துக்குக் குத்தகைக்குக் கேட்டு ஒரு மனு தயாராகியிருக்கிறது. அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. கையெழுத்திட்ட பிறகு ஆறு மாதம் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரில், பெண்ணோடு இருந்துவிட்டு வந்தேன். அங்கே பார்த்த ஒரு விஷயம் என் அபிப்ராயத்தை மாற்றிவிட்டது. முப்பது வருஷம் ஆடிட்டில் இருந்தவன்; பேச்சில் கணக்கு வந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

லீட்ஸில் பிராம்லி பாத்ஸ் என்று 1904-ல் திறந்த நீச்சல்குளம் இருக்கிறது. வீட்டில் குளியலறை இல்லாத காலத்தில் ஜனங்கள் குளிக்கவும் அங்கே போனார்கள். செலவைச் சமாளிக்க முடியாத நகர கவுன்சில் திறந்திருக்கும் நேரத்தை வெகுவாகக் குறைத்தது. மூடிவிடுவார்களோ என்று பயந்த ஊர்க்காரர்கள் லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்றை ஏற்படுத்தி, 2013 ஜனவரி முதல் பொறுப்பை ஏற்றார்கள். என் பேரன் அங்கேதான் நீச்சல் கற்றான்.

பொதுச் சொத்தை இப்படிக் கொடுக்கலாமா என்று ஆடிட் புத்தி கேட்டது. அங்கே 1972-ம் வருஷச் சட்டப்படி, கவுன்சில் தன் நிலத்தையோ கட்டிடத்தையோ கிடைக்கக்கூடிய நல்ல விலைக்கே கொடுக்க வேண்டும். குறைத்துக் கொடுக்க அரசின் அனுமதி தேவை. 2003-ல் ஒரு பொது அனுமதி வந்தது. வட்டாரத்தின் பொருளாதார, சமூக, சுற்றுச்சூழல் நலனுக்கு உதவுமானால், மதிப்பில் 20 லட்சம் பவுண்டு வரை விட்டுக்கொடுக்கலாம். 2007-ல் பாரி குயர்க் என்ற நகராட்சி அதிகாரி அரசுக்குத் தந்த அறிக்கை, இதில் அபாயம் உண்டு, ஆனால் சரியாக நிர்வகித்தால் நன்மையே அதிகம் என்றது.

மான்செஸ்டர் பக்கம் ஸ்ட்ரெட்ஃபோர்டில் 1878-ல் பருத்தி வியாபாரி ஜான் ரைலாண்ட்ஸ் கட்டிய பொது மண்டபம் இருக்கிறது. 2015-ல் அது ஊர்க்காரர்களின் அமைப்பிடம் வந்தது. 2017-ல் பங்குகள் விற்று சுமார் 2,55,000 பவுண்டு திரட்டினார்கள். எத்தனை பங்கு வாங்கினாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. சொத்தை விற்று உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது.

எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் கவுன்சில் கைகழுவ நினைக்கும் கட்டிடம்தான் கைமாறும். சாவியோடு ஒழுகும் கூரையும், பழைய ஒயரிங்கும், இன்ஷூரன்ஸ் பில்லும் சேர்ந்தே வரும். இலவசமாக வந்த கட்டிடம் ஒரு டிரஸ்டையே மூழ்கடித்துவிடலாம்.

நம் ஊரிலும் பாடம் உண்டு. மும்பை மாநகராட்சி பூங்கா, மைதானங்களைத் தனியார் அமைப்புகளிடம் பராமரிப்புக்குக் கொடுத்தது. சில இடங்கள் உறுப்பினர்களுக்கு மட்டுமான கிளப்புகளாகிவிட்டன என்ற புகார் எழுந்தது. 2016 ஜனவரியில் மாநகராட்சி நிறைவேற்றிய தத்துக் கொள்கையை, எதிர்ப்பு கிளம்பியதும் முதலமைச்சர் நிறுத்திவைத்தார்.

இனி நம் மனுவுக்கு வருகிறேன். 'சமூக அமைப்பு' என்ற முறையில் கேட்கிறோம் என்று எழுதியிருக்கிறோம். சமூகம் என்றால் நமக்குப் பிறப்பால் வந்த கூட்டம். பிராம்லியில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேறு: அந்தத் தெருக்களில் குடியிருக்கிற அத்தனை பேரும். பள்ளியைக் கட்டிய வரிப்பணம் நம்முடையது மட்டுமல்ல. அதில் படித்தவர்கள் பெரும்பாலும் நம் குழந்தைகளும் அல்ல. நம் குழந்தைகளை நாம் வேறு பள்ளிக்கு அனுப்பினோம். இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உண்மை.

ஆகவே மூன்று திருத்தங்களைச் சபை முன் வைக்கிறேன். ஒன்று, நம் சங்கத்தின் பெயரில் கேட்க வேண்டாம். பேட்டைவாசிகள் அனைவரும் சேரக்கூடிய டிரஸ்டாக இருக்கட்டும், அதில் நமக்குப் பெரும்பான்மை வேண்டாம். இரண்டு, கையெழுத்துக்கு முன் என்ஜினீயரை வைத்துக் கூரை, அஸ்திவாரம், மின்சாரம் எல்லாவற்றையும் பரிசோதித்து, பத்து வருஷச் செலவைக் கணக்கிட வேண்டும். மூன்று, டிரஸ்ட் நின்றுபோனால் கட்டிடம் மாநகராட்சிக்கே திரும்பும் என்று பத்திரத்தில் எழுத வேண்டும்.

பாராயண வகுப்பும் சங்கீத வகுப்பும் அங்கே நடக்கலாம், நம் முறை வரும்போது, வாடகை கட்டி. சாயங்காலம் அடுத்த குடியிருப்புப் பிள்ளைகள் விளக்கடியில் உட்கார்ந்து படிக்க ஒரு ஹால் இருக்க வேண்டும். அதற்குச் சம்மதமென்றால், புது மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. இல்லையென்றால், பழைய மனுவிலிருந்து என் பெயரை அடித்துவிடும்படி காரியதரிசியைக் கேட்டுக்கொள்கிறேன்.