நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கு



காய்கறி விற்பவர் ஒருவர் நாள் முழுவதும் வெயிலில் நின்று விற்கிறார். மாலையில் அவர் கையில் ஒரு 500 ரூபாய் நோட்டு. மறுநாள் வங்கியில் அதைக் கட்டப் போகிறார். "இது கள்ள நோட்டு" என்கிறார்கள். அந்தப் பணம் அவருக்குத் திரும்பக் கிடைக்காது. ஒரு நாள் உழைப்பு வீண். ஆகவே நோட்டைப் பார்த்து வாங்கத் தெரிவதும் ஒரு கல்விதான்.

வங்கிகளிலும் பெரிய கடைகளிலும் நோட்டைச் சோதிக்க ஒரு சிறு விளக்கு வைத்திருப்பார்கள். அது புற ஊதாக் கதிர் விளக்கு. அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. மங்கலான ஊதா வெளிச்சம்தான் தெரியும். ஆனால் சிலவகை மையின் மீது அந்தக் கதிர் பட்டால் மை ஒளிரும்.

நல்ல நோட்டை அந்த விளக்கின் கீழ் வைத்தால் என்ன தெரியும்? வரிசை எண் அச்சிட்ட இடம் ஒளிரும். தாளுக்குள் அங்கங்கே சிறு இழைகள் நிறத்தோடு மின்னும். 100, 200, 500 ரூபாய் நோட்டுகளில் உள்ள பாதுகாப்பு நூலும் ஒளிரும். சாதாரண வெளிச்சத்தில் அந்த இழைகள் கண்ணில் படுவதில்லை.

நோட்டின் தாளையும் பார்க்க வேண்டும். அது பருத்தியால் ஆனது. எழுதும் வெள்ளைத் தாளில் வெண்மையைக் கூட்ட ஒருவகை ரசாயனம் சேர்ப்பார்கள். அதனால் அந்தத் தாள் விளக்கின் கீழ் பளீரென்று நீலமாகத் தெரியும். நோட்டுத் தாளில் அந்த ரசாயனம் இல்லை. ஆகவே அது மங்கலாகவே இருக்கும். தாள் முழுவதும் பளிச்சிட்டால் சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. துணி துவைக்கும் தூளிலும் அதே போன்ற ரசாயனம் உண்டு. சட்டைப் பையில் மறந்துபோய், துணியோடு துவைத்த நல்ல நோட்டும் பளிச்சிடும். அதை நீட்டும் கூலித் தொழிலாளியைத் திருடனாக நினைப்பது பெரும் தவறு. மறுபுறம், கள்ள நோட்டு அடிப்பவனும் ஒளிரும் மையை வாங்கிப் பூசலாம். எனவே ஒரே ஓர் அடையாளத்தை நம்பி முடிவு செய்யக் கூடாது.

விளக்கு இல்லாதவர் என்ன செய்வது? மூன்று வழிகள் உண்டு.

முதலில், தொட்டுப் பார்க்க வேண்டும். 100 ரூபாய் முதல் மேலுள்ள நோட்டுகளில் காந்தியடிகளின் படம் விரலுக்குச் சற்றுத் தடிப்பாகத் தட்டுப்படும். இரு ஓரங்களிலும் மேடான சாய்கோடுகள் உண்டு. 100 ரூபாயில் 4 கோடுகள். 500 ரூபாயில் 5 கோடுகள். பார்வையற்றவர்களும் அறிவதற்காகவே இந்த ஏற்பாடு.

இரண்டாவது, வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். வெற்றிடத்தில் காந்தியடிகளின் நீர்க்குறி உருவமும், நோட்டின் மதிப்பு எண்ணும் தெரியும்.

மூன்றாவது, சாய்த்துப் பார்க்க வேண்டும். 2016 முதல் வந்த புதிய வரிசையில் 100, 200, 500 ரூபாய் நோட்டுகளின் நூல் பச்சையிலிருந்து நீலமாக மாறும்.

சந்தேகமான நோட்டை வாங்கும்போதே மறுத்துவிடலாம். தெரியாமல் கைக்கு வந்துவிட்டால் வங்கிக்குக் கொண்டுபோக வேண்டும். கள்ள நோட்டு என்று தெரிந்தால் வங்கி அதில் முத்திரை குத்தி எடுத்துக்கொள்ளும். கொண்டுவந்தவருக்கு ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது அவருடைய உரிமை. ஒரே தடவையில் 5 அல்லது அதற்கு மேற்பட்ட கள்ள நோட்டுகள் இருந்தால், வங்கி உடனே காவல் நிலையத்தில் புகார் செய்யும்.

"நான் ஏமாந்தேன், இன்னொருவர் தலையில் கட்டிவிடுகிறேன்" என்று சிலர் நினைப்பதுண்டு. கள்ள நோட்டு என்று தெரிந்தே மாற்றுவது பெரும் குற்றம். ஆயுள் தண்டனை வரை கிடைக்கலாம். அது மட்டுமல்ல. அந்த நோட்டு கடைசியில் போய்ச் சேருவது, சோதித்துப் பார்க்கத் தெரியாத இன்னொரு ஏழையின் கைக்குத்தான்.

பணத்தை எண்ணி வாங்குவது பழைய பழக்கம். அதைத் தொட்டு, தூக்கி, சாய்த்துப் பார்த்து வாங்குவதும் பழக்கமாக வேண்டும். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.