டாலியாக் கிழங்கைக் குளிரில் காப்பது
(சங்கத்தின் புத்தாண்டு விழாவில் பேசியது)



மேடையில் கதைக்க நான் பெரிதாகப் படித்தவனல்ல. ஏ.எல். எடுத்தேன், அதோடு சரி. இப்ப தொழிற்சாலையில் இரவு வேலை. போன ஆவணியில் எங்கள் வளவுப் பூக்களைப் பார்த்தவர்கள் கேட்டபடியால் தலைவர் ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்.

ஜேர்மனிக்கு வந்த புதிதில், 2017இல், பக்கத்து வீட்டு அம்மம்மா ஒரு பை கிழங்கு தந்தா. கறிக்கென்று நினைத்தேன். பூ என்று கையால் காட்டினா. நட்டேன், நன்றாகப் பூத்தது. மார்கழியில் மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டேன். வசந்தத்தில் கிண்டினால் வெறும் கூழ். அவ கேட்டபோது வெட்கத்தில், "களவு போட்டுது" என்று பொய் சொன்னேன். அவ ஒன்றும் சொல்லவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் கூப்பிட்டு, தான் கிண்டுவதைப் பார்க்க வைத்து, திரும்பவும் தந்தா.

டாலியா மெக்சிக்கோ நாட்டுப் பூ. கிளாடியோலஸ் இனங்களில் பெரும்பாலானவை ஆபிரிக்கா. எங்களைப் போல இரண்டுக்கும் உறைபனி ஒத்துவராது.

முதல் உறைபனியில் டாலியா இலை கறுக்கும். பயப்பட வேண்டாம், அதுதான் நேரம். தண்டை 10, 15 சதமமீற்றர் விட்டு வெட்டி, சற்றுத் தள்ளிக் குத்திக் கிளப்புங்கள். கழுத்து முறியக்கூடாது. உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண்; டாலியாவுக்குத் தண்டோடு சேரும் கழுத்தில் மட்டும்தான். கழுத்தில்லாத கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. சில நாள் தலைகீழாகக் காயவிட்டு, காய்ந்த மணலில் புதைத்து, 5 பாகை அளவு குளிரான கெல்லரில் வையுங்கள். ஹீட்டர் அறையில் வைத்தால் வத்தி விறகாகும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் அழுகும். மாதம் ஒருதரம் பாருங்கள்.

கிளாடியோலஸ் சுகம். பழைய கிழங்கின் மேலே புதுக்கிழங்கு உண்டாகும். பழையதைக் கழற்றி எறியலாம். சுற்றியிருக்கும் குஞ்சுகள் பூக்க இரண்டு மூன்று வருஷம் செல்லும்.

"மூன்று வருஷமோ? கேஸ் என்னவாகுதோ, அப்ப நாங்கள் இங்க இருப்பமோ தெரியாது" என்று மனைவி கேட்டா. என்னிடம் பதில் இருக்கவில்லை. குஞ்சுகளைச் சப்பாத்துப் பெட்டியில் போட்டு வைத்தேன். 2021இல் விசா கிடைத்து வீடு மாறினபோது முதலில் ஏற்றியது அந்தப் பெட்டி. அந்த ஆடியில் அவை பூத்தன. அம்மம்மா அப்ப முதியோர் இல்லத்தில். ஒரு தண்டு கொண்டுபோனேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "களவு போன கிழங்கோ இது?" என்று கேட்டா.

கிளாடியோலஸை இந்த மாதக் கடைசியில் 10 சதமமீற்றர் ஆழத்தில் நடலாம். டாலியாவுக்கு அவசரப்படாதீர்கள், மே 15, இங்கத்தைய சனம் 'குளிர் சோஃபி' என்று சொல்லும் நாள் கழியட்டும். வாசலில் பெட்டி வைத்திருக்கிறேன். போகும்போது வீட்டுக்கு இரண்டு எடுத்துப் போங்கள். கறி வைக்க வேண்டாம்.