அக்காமா தேதி நம்ம நோட்டிலும் இருக்கட்டும்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)

 

நம்ம குழுக்களில் வருகிற கடன் விண்ணப்பங்களைப் பார்த்தால், மாடு வாங்க, தையல் மிஷின் வாங்க, பிள்ளைகள் படிப்புக்கு என்று இருக்கும். கூடவே "வீட்டுக்காரர் வெளிநாடு போக" என்றும் இருக்கும். மாட்டுக்குக் கடன் கேட்டா நாம சும்மா கொடுக்கிறோமா? மாட்டைப் போய்ப் பார்க்கிறோம், பல்லைப் பார்க்கிறோம், இன்சூரன்ஸ் போட்டு காதுல வில்லை போடச் சொல்றோம். ஆனா ஒரு ஆளையே கடல் தாண்டி அனுப்பும்போது "விசா வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுடறோம். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். நம்ம பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் போகிற சவூதி அரேபியாவை வைத்தே சொல்கிறேன்.

விசா என்பது உள்ளே நுழையத்தான். அங்கே தங்கி வேலை பார்க்க வேறொரு அனுமதி வேண்டும். அதற்குப் பேர் இக்காமா. நம்ம ஆட்கள் அக்காமான்னு சொல்லுவாங்க. போய் இறங்கிய 90 நாட்களுக்குள் முதலாளி அதை எடுத்துக் கொடுக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை, கைரேகை எல்லாம் முடிந்த பிறகு 10 இலக்க எண்ணோடு அட்டை வரும். சம்பளம் பேங்கில் போட, ஊருக்குப் பணம் அனுப்ப, சிம் கார்டு வாங்க, ஆஸ்பத்திரியில் காட்ட, லீவில் ஊருக்கு வர, எல்லாத்துக்கும் இந்த எண்தான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கு, சகோதரிகளே. அக்காமாவைத் தொழிலாளி தானாகப் போய்ப் புதுப்பிக்க முடியாது. முதலாளிதான் புதுப்பிக்கணும். அவர் புதுப்பிக்காமல் விட்டால், ரோட்டில் போலீஸ் பிடிப்பது யாரை? நம்ம வீட்டு ஆளைத்தான். கடமை ஒருத்தருக்கு, கஷ்டம் இன்னொருத்தருக்கு.

சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்குவோம். சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40ஆவது பிரிவுப்படி அக்காமா கட்டணம், அதைப் புதுப்பிக்கிற கட்டணம், தாமதமானால் வருகிற அபராதம், வேலை முடிந்து ஊர் திரும்புகிற டிக்கெட், இவையெல்லாம் முதலாளி பொறுப்பு. "அக்காமாவுக்குன்னு சம்பளத்துல பிடிச்சுட்டாங்க" என்று யாராவது சொன்னால், அது தப்பான பிடித்தம். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதும் அங்கே சட்டப்படி தப்பு. ஆனால் வீட்டு வேலை, வீட்டு டிரைவர் வேலைக்குப் போகிறவர்கள் இந்தத் தொழிலாளர் சட்டத்துக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்குத் தனி விதிகள். 2021 மார்ச் 14 முதல் கம்பெனித் தொழிலாளிகள் சில நிபந்தனைகளோடு வேறு வேலைக்கு மாறலாம், முதலாளி கையெழுத்து இல்லாமல் ஊருக்கு வந்து போகலாம் என்று விதியை மாற்றியபோதும், வீட்டு வேலைக்காரர்களை அதில் சேர்க்கவில்லை. அதனால் எந்த வேலைக்கு விசா அடித்திருக்கிறது என்று போகும் முன்பே பார்ப்பது ரொம்ப முக்கியம்.

இன்னொரு விஷயம். "அட்டை கையில இருக்கே, அப்புறம் என்ன?" என்று கேட்பாங்க. 2015இலிருந்து அட்டை 5 வருஷத்துக்கு ஒன்றுதான். தங்கும் அனுமதியைப் புதுப்பிப்பது கம்ப்யூட்டரில். 2021க்குப் பிறகு சில கம்பெனிகள் 3 மாசம், 3 மாசமாகக்கூடப் புதுப்பிக்கிறார்கள். ஆக, அட்டை பளபளன்னு இருக்கும், அனுமதி செத்துப் போயிருக்கும். அப்ஷர் என்கிற அரசாங்கச் சேவையில் தன் செல்போனிலேயே உண்மையான தேதியைப் பார்த்துக்கொள்ளலாம். அதில் அரபு மாதக் கணக்கில் தேதி இருந்தால் இங்கிலீஷ் தேதியையும் கேட்டு எழுதுங்கள். அரபு வருஷம் நம்ம வருஷத்தைவிட சுமார் 11 நாள் குறைவு.

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அந்த அக்காவின் வீட்டுக்காரர் குழுக் கடனில்தான் போனார். முதல் ஒரு வருஷம் பணம் ஒழுங்காக வந்தது. அப்புறம் கூட்டாளி பேரில் பணம் வர ஆரம்பித்தது. அக்காவும் பணம்தான் வருதேன்னு இருந்துட்டாங்க. அக்காமா முடிந்து எட்டு மாசம் ஆனது அவருக்கே லேட்டாகத்தான் தெரியும். சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தபோது இன்சூரன்ஸ் செல்லவில்லை. ஊருக்கும் வர முடியவில்லை. தூதரகத்துக்கு மனு எழுத உட்கார்ந்தோம். பாஸ்போர்ட் எண் என்ன? வீட்டில் ஒரு காகிதமும் இல்லை. கடைசியில் பாஸ்போர்ட் நகல் எங்கே கிடைத்தது தெரியுமா? குழுவின் கடன் ஃபைலில்! அதை வைத்துத்தான் மனு போனது. ஐந்து மாசம் கழித்து ஆள் வீடு வந்து சேர்ந்தார். கடன் இன்னும் அடைகிறது; அக்கா ஒரு தவணை தவறவில்லை. மாசாமாசம் பணம் யார் பேரில் வருகிறது என்று பார்த்திருந்தாலே முன்னாடி தெரிந்திருக்கும்.

அதனால் ஒரு நோட்டுப் போடுங்கள். குழுவுக்குத் தீர்மானப் புத்தகம் எழுதுகிற கை இதையும் எழுதும்.

1. பாஸ்போர்ட் எண், முடியும் தேதி. கூடவே நகல்.
2. விசா நகல், வேலை ஒப்பந்த நகல்.
3. அக்காமா எண், புதுப்பித்த தேதி, முடியும் தேதி.
4. முதலாளி அல்லது கம்பெனியின் பெயர், ஊர், போன் நம்பர்.
5. ஏஜெண்டின் பதிவு எண், பணம் கட்டிய ரசீது.
6. கூட வேலை பார்க்கிற இரண்டு பேரின் போன் நம்பர்.

தேதி முடிய இரண்டு மாசம் இருக்கும்போதே போனில் ஞாபகப்படுத்துங்கள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிற மாதிரி "அக்காமா போட்டாச்சா?" என்றும் கேளுங்கள்.

போகும் முன்பு கவனிக்க வேண்டியது. பத்தாவது பாஸ் ஆகாதவர்களுக்கு ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்தான் கிடைக்கும். அவர்கள் சவூதி உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக நம் அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். "விசிட் விசாவுல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்று ஒரு ஏஜெண்ட் சொன்னால் அந்த வாசலை விட்டு இறங்கிவிடுங்கள். விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே குற்றம். பதிவு பெற்ற ஏஜெண்ட் கூலியாக வாங்க வேண்டிய உச்சவரம்பு ரூ.30,000மும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். அரசு நிறுவனங்கள் மூலமாகத்தான் போக வேண்டும். நம்ம ஊருக்குச் சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்சூரன்ஸ் இரண்டு வருஷத்துக்கு ரூ.275தான்; விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ ரூ.10 லட்சம். அந்தப் பத்திரமும் வீட்டில் இருக்கட்டும்.

பிரச்சினை வந்துவிட்டால்? கோபத்தில் வேலையை விட்டு ஓடக் கூடாது. ஓடினால் முதலாளி 'ஹுரூப்' என்று எழுதிக் கொடுத்துவிடுவார். அதாவது ஓடிப் போன ஆள் என்று பதிவு. பிறகு நியாயம் நம்ம பக்கம் இருந்தாலும் நிரூபிப்பது கஷ்டம். முதலில் அங்குள்ள தொழிலாளர் அலுவலகத்திலோ ரியாத் தூதரகத்திலோ ஜெத்தா துணைத் தூதரகத்திலோ புகார் கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து நாமும் 'மதத்' என்ற வெளியுறவுத் துறை இணையதளத்தில் மனு போடலாம். இலவசத் தொலைபேசி 1800 11 3090. தூதரகங்களில் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. திக்கற்றவர்களுக்குத் தங்க இடம், டிக்கெட் போன்ற உதவி அதிலிருந்து கிடைக்கும். கேட்டால்தான் கிடைக்கும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். வெளிநாடு போகக் கடன் கொடுக்கும்போது, பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலையும் குழு ஃபைலில் வைப்பது என்று ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுத் தங்கச்சி நோட்டு எழுதிக் கொடுக்கட்டும். ஆள் அங்கே தனியாக இருந்தாலும், அவருடைய தேதியைப் பார்த்துக்கொள்ள இங்கே இருபது பேர் இருக்கிறோம்.