சக்கர நாற்காலியில் வந்த சாட்சி
(சமாதான ஆதரவுக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



ஷிப்டு முடிந்த களைப்போடும், காலில் காயாத சேற்றோடும் வந்திருக்கிறீர்கள். நீண்ட பிரசங்கம் செய்யப் போவதில்லை. ஓர் அமெரிக்கச் சிப்பாயின் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். வியட்நாம் மீது படையெடுத்தவனின் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். முழுவதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ரான் கோவிக் 1946 ஜூலை 4ந் தேதி பிறந்தவன். அது அமெரிக்காவின் சுதந்திர தினம். தகப்பனார் பலசரக்குக் கடையில் வேலை பார்த்தவர். யுத்தத்தைத் திருவிழாவாகக் காட்டும் சினிமாக்களைப் பார்த்து வளர்ந்தான் பையன். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறவர்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்தார்கள். 1964ல் படிப்பு முடிந்ததும் மரைன் படையில் சேர்ந்தான். கப்பலில் போய் அந்நியக் கரையில் இறங்கிச் சண்டை போடும் படை அது. 1965 மார்ச்சில் டா நாங் கரையில் இறங்கி, வியட்நாம் மண்ணை மிதித்ததும் அந்தப் படைதான்.

கோவிக் ஒரு முறை வியட்நாம் போய்த் திரும்பினான். இரண்டாம் முறை, யாரும் கட்டாயப்படுத்தாமல் தானே கேட்டுப் போனான். 1967ல் ஒரு சண்டைக் குழப்பத்தில் தன் படையைச் சேர்ந்த ஒரு கார்ப்பொரலையே சுட்டுவிட்டான். மேலதிகாரியிடம் போய் ஒப்புக்கொண்டான். அதிகாரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு ஓர் இரவு, அவனுடைய பிரிவு ஒரு கிராமத்துக் குடிசை மீது சரமாரியாகச் சுட்டது. உள்ளே ரத்தத்தில் கிடந்தவர்கள் ஒரு கிழவரும் குழந்தைகளும்! இதை எதிரிகள் சொல்லவில்லை, தோழர்களே. பிற்காலத்தில் அவனே எழுதினான்.

1968 ஜனவரி 20. முதல் குண்டு காலில் பட்டது. அடுத்தது தோளில் பாய்ந்து முதுகெலும்பைத் தாக்கியது. தூக்க வந்த முதல் சிப்பாய் அங்கேயே மாண்டான். இன்னொருவன் சுமந்து வந்து காப்பாற்றினான். 21 வயதில், மார்புக்குக் கீழே உடம்பு செத்துவிட்டது.

சர்க்கார் பதக்கம் குத்தியது. பிறகு நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள முன்னாள் சிப்பாய்கள் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டது. அழுக்கும் எலியும், கூப்பிட்டால் வராத சிப்பந்திகளும்! 1970ல் 'லைஃப்' பத்திரிகை படம் பிடித்துப் போட்ட பிறகுதான் நாடு அந்த லட்சணத்தைப் பார்த்தது. குண்டு வாங்கக் கோடி கோடியாகப் பணம் இருந்தது. குண்டடி பட்டவனைக் கழுவிவிட ஆள் இல்லை.

அங்கேதான் அவர் சிந்திக்கத் தொடங்கினார். 1970 மே 4ந் தேதி, ஒஹையோ மாநிலத்தில் கென்ட் பல்கலைக்கழகத்தில் யுத்தத்தை எதிர்த்துக் கூடியவர்கள் மீது துருப்புகள் சுட்டன. நான்கு மாணவர்கள் செத்தார்கள். அதன் பின் கோவிக் யுத்த எதிர்ப்பு அணியில் சேர்ந்தார். 1972ல் மியாமி பீச்சில் நடந்த ரிபப்ளிகன் கட்சி மாநாட்டுக்குள், மற்ற முன்னாள் சிப்பாய்களோடு சக்கர நாற்காலியில் நுழைந்தார். ஜனாதிபதி நிக்சன் பேசிக்கொண்டிருக்கும்போதே, யுத்தத்தை நிறுத்து என்று முழங்கினார். காவலர்கள் வெளியே தள்ளினார்கள். 1974ல், ஊனமுற்ற சிப்பாய்களுக்குச் சரியான வைத்தியம் கேட்டு லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு செனட்டரின் அலுவலகத்தில் உட்கார்ந்து 17 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 1976ல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். 1989ல் அது சினிமாவாகவும் வந்தது. 2003ல் ஈராக் மீது அமெரிக்கா பாய்ந்தபோதும் அந்தச் சக்கர நாற்காலி வீதிக்கு வந்தது.

தோழர்களே! அந்த யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் 58,000 பேருக்கு மேல் மாண்டார்கள். வியட்நாம் அரசு 1995ல் வெளியிட்ட கணக்குப்படி, அந்நாட்டுப் பொதுமக்கள் சுமார் 20 லட்சம் பேரும், போராளிகள் 11 லட்சம் பேரும் உயிரிழந்தார்கள். கோவிக்கின் வருத்தம் குடிசையில் கிடந்த குழந்தைகளை எழுப்பாது. அவரும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் செய்ததை மறைக்காமல், செய்யச் சொன்னவர்களை நேருக்கு நேர் கேட்டார். அதற்கும் துணிச்சல் வேண்டும்.

கடைக்காரச் சிப்பந்தியின் மகனுக்கும் வியட்நாம் குடியானவனுக்கும் என்ன பகை? வரப்புத் தகராறா, வாய்க்கால் தகராறா? ஒன்றுமில்லை! நாளைக்கு எந்த நாட்டில் யார் யுத்த முரசு கொட்டினாலும், யார் வீட்டுப் பிள்ளை போகிறான், லாபம் யார் பெட்டிக்குப் போகிறது என்று கேளுங்கள். மில் வாசலில் கேளுங்கள், களத்து மேட்டில் கேளுங்கள்.

சமாதானம் ஓங்குக! உழைப்பாளர் ஒற்றுமை வெல்க!