சங்கிலி வாளும் சாய்ந்த மரமும்



1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். வாவிக்கரை வளவுகளில் எண்ணற்ற தென்னைகள் சாய்ந்தன. கோடரியும் கைவாளுமே அன்று பெரும்பாலோர் கைக்கெட்டிய கருவிகள். இன்று அந்த வேலையைச் சங்கிலி வாள் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. ஆயினும் விரைந்து அறுக்கும் கருவி, பிழையைத் திருத்திக்கொள்ள அவகாசம் தருவதில்லை.

வீட்டு வளவுக்குப் பெரிய வாள் வேண்டுவதில்லை. கிளைகளுக்கு மின்கலத்தால் இயங்கும் சிறிய வாளே போதும். அடிமரம் அறுப்போர்க்குப் பெற்றோல் வாள், 14 முதல் 16 அங்குல அலகுடன் ஏற்றது. வாள் துள்ளினால் சங்கிலியை உடனே நிறுத்தும் தடுப்பு அதில் இருத்தல் இன்றியமையாதது. அலகு நுனியின் மேற்பகுதி மரத்தில் பட்டால் வாள் பிடித்திருப்பவர் முகத்தை நோக்கி எகிறும். ஆகவே நுனியால் அறுத்தலும், தோளுக்கு மேலே உயர்த்தி அறுத்தலும், ஏணியில் நின்று அறுத்தலும் கூடா. சங்கிலி கரை மணலைத் தொட்டால் பற்கள் மழுங்கும்.

சாய்ந்த மரம் உயிரற்றது போலத் தோன்றினும் அதனுள் விசை அடங்கியிருக்கிறது. இரு முனைகளும் மதிலிலும் மேட்டிலும் தாங்கி நிற்க, நடுப்பகுதி தொங்கும் மரத்தில் மேற்புறம் நெருக்குண்டும் கீழ்ப்புறம் இழுபட்டும் இருக்கும். அதை மேலிருந்தே முழுவதும் அறுத்தால் வாள் இறுகிக்கொள்ளும். மேலே சிறிதளவு வெட்டி, எஞ்சியதைக் கீழிருந்து மேல்நோக்கி அறுத்தலே முறை. வேரோடு பெயர்ந்த மரத்தின் தண்டை அறுத்ததும் அடிக்கட்டை குழிக்குள் திடீரென நிமிர்ந்து விழக்கூடும். அக்குழியில் சிறுவர் விளையாட இடந்தருதல் ஆகாது. வீட்டின் பக்கமோ மின்கம்பியின் பக்கமோ சரிந்த தென்னையைத் தேர்ந்த தொழிலாளரிடம் விடுதலே அறிவுடைமை.

சட்டத்தையும் மறத்தலாகாது. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும். சங்கிலி வாள்களைப் பதிவு செய்யுமாறு 2019ஆம் ஆண்டில் அரசாங்கம் பணித்தது. ஐயமிருப்பின் கிராம உத்தியோகத்தரை முன்னரே கேட்டறிதல் நன்று.

மாரிக்கு முன் பட்ட கிளைகளைக் களைந்தால், புயலுக்குப் பின் செய்யவேண்டிய அபாயமான வேலை பெரிதும் குறையும். வாளை இயக்குமுன் ஒரு முறை மரத்தைச் சுற்றிவந்து, அது எப்பக்கம் விழும், விழும்போது எவ்வழியே விலகுவது என்று எண்ணிப் பார்ப்பவரே அதனைக் கையாளத் தகுதியுடையவர்.