உங்கள் உறுப்பினர் என்ன கேட்டார்?



‘சட்டமன்றம் எப்படி நடக்கிறது’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசிய ஆசிரியப் பெருமகனார் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். 234 உறுப்பினர்கள், ஐந்தாண்டுக் காலம், பத்தில் ஒரு பங்கு பேர் வந்தால் அவை நடக்கலாம், 1986 நவம்பர் 1 முதல் நமக்கு மேலவை கிடையாது. அருமையாகச் சொன்னார். அந்தக் கடைசிச் செய்தியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கர்நாடகத்தில், ஆந்திரத்தில், ஒரு அவை அவசரப்பட்டால் இன்னொரு அவை நிறுத்திக் கேட்கலாம். நம் மாநிலத்தில் இருப்பது ஒரே அவை. அங்கே கேட்காத கேள்வியை வேறு யாரும் கேட்கப்போவதில்லை.

கோட்டையில் காலையில் அவை கூடுகிறது. பேரவைத் தலைவர் ஒரு குறளைப் படித்துப் பொருள் சொல்கிறார். அடுத்த ஒரு மணி நேரம் கேள்வி நேரம். அந்த ஒரு மணி நேரம்தான், ஐயா, நீங்களும் நானும் போட்ட ஓட்டுக்கு உயிர் இருக்கிற நேரம்! எவ்வளவு பெரிய அமைச்சராக இருந்தாலும், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சாதாரண உறுப்பினர் கேட்ட கேள்விக்கு எழுந்து நின்று பதில் சொல்லியாக வேண்டும். (கைதட்டல்)

இருங்கள், கை தட்டுவதற்கு இன்னும் நிறைய இருக்கிறது. எங்கள் தாலுகாவிலிருந்து ஒருவர் அந்த அவைக்குப் போனார். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கட்சி வந்துவிடும், அப்புறம் நீங்கள் மனிதரைப் பார்க்க மாட்டீர்கள். எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தவர். கூட்டத்தொடருக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து என்ன குறை என்று கேட்பார். கேட்டதை ஃபுல்ஸ்கேப் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பேரவைச் செயலகத்துக்கு அனுப்பிவிடுவார்.

எங்கள் ஓடைக்கு அப்போது ஒரு பாலம் இல்லை. மழை வந்தால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, பிரசவத்துக்குப் போகிறவளுக்கு வழி இல்லை. அதைக் கேள்வியாக்கினார். நட்சத்திரக் குறியிட்ட வினா. அதற்கு அமைச்சர் அவையிலேயே வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். கேள்வி துறைக்குப் போனதும் என்ன நடந்தது தெரியுமா? சென்னையிலிருந்து மாவட்டத்துக்கு போன். மாவட்டத்திலிருந்து கோட்டப் பொறியாளருக்கு போன். பத்து வருஷமாக எட்டிப் பார்க்காத ஜீப், எங்கள் ஓடைக்கரையில் வந்து நின்றது. கேள்வி இன்னும் அவைக்கே வரவில்லை, அதற்குள் ஜீப் வந்துவிட்டது! (நீண்ட கைதட்டல்)

அமைச்சர் எழுந்து, ‘பரிசீலனையில் உள்ளது’ என்றார். எல்லா அமைச்சரும் சொல்கிற பதில்தான். நம்மவர் துணைக்கேள்விக்கு எழுந்தார். துணைக்கேள்வி என்ன என்று அமைச்சருக்கு முன்கூட்டித் தெரியாது. அதிகாரிகள் எழுதிக்கொடுத்த தாளில் அது இருக்காது. ‘எத்தனை ஆண்டாகப் பரிசீலனையில் உள்ளது?’ என்றார். அவ்வளவுதான். அமைச்சர், இந்த ஆண்டே எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்ல நேர்ந்தது. சொன்னது அவைக்குறிப்பில் ஏறிவிட்டது. ஏறிய பிறகு தப்பிக்க முடியாது; அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அமைச்சர்கள் அவையில் கொடுத்த வாக்கையெல்லாம் பட்டியல் போட்டு, செய்தாயா இல்லையா என்று துறையைக் கூப்பிட்டுக் கேட்கிற குழு. பாலம் வந்தது. இன்றைக்கும் அதன்மேல்தான் பேருந்து போகிறது.

அப்படிக் கேட்பதற்கு நாள் வேண்டுமா இல்லையா? அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. இரண்டு கூட்டத்தொடருக்கு நடுவில் ஆறு மாதம் கடக்கக் கூடாது, அரசமைப்புச் சட்டம் சொல்வது அவ்வளவுதான். அந்த ஆறு மாதத்தை வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு நாற்பது நாள் கூடினாலே பெரிது என்கிற நிலைக்கு வந்துவிட்டோம். நூறு நாள் நடத்துவோம் என்று தேர்தல் வாக்குறுதி கொடுத்தவர்கள் உண்டு. யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரியும். அதைக் கேட்காமல் சும்மா இருந்தவர்களும் உண்டு. அவர்களையும் உங்களுக்குத் தெரியும்! (கைதட்டல்)

கிடைத்த நாளிலாவது கேட்கிறார்களா? பேசக் கிடைப்பது பத்து நிமிடம் என்றால் எட்டு நிமிடம் தலைவர் துதி. மேசையைத் தட்டுவதற்கா உங்களை அனுப்பினோம்? தட்டுகிற கைக்கு எங்கள் ஊர்ச் சாலையில் ஒரு பள்ளத்தைப் பற்றி ஒரு வரி எழுத முடியாதா? அப்புறம் பேரவை விதிகளில் 110-ஆம் விதி. அமைச்சர் எழுந்து அறிக்கை படிக்கலாம், அதன்மேல் விவாதம் கிடையாது. அவசரத்துக்கு வைத்த விதி அது. எந்த ஆட்சி வந்தாலும் அறிவிப்பு மழைக்கு அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். பணம் எங்கிருந்து வரும் என்று கேட்க ஒருவருக்கும் வாய்ப்பில்லை. எங்கள் தாலுகாக்காரர் இருந்திருந்தால், மானியக் கோரிக்கை வரும் வரைக்கும் காத்திருந்து, துறைக்கான தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுத்துக் கேட்டிருப்பார்.

மானியக் கோரிக்கை என்றால் சின்ன விஷயமா? மாநில பட்ஜெட் மூன்று லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. துறை துறையாக அமைச்சர் அவையிடம் வந்து, எனக்கு இவ்வளவு கொடுங்கள் என்று கேட்க வேண்டும். அவை கொடுத்தால்தான் காசு. ‘ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க’ என்று பேரவைத் தலைவர் கேட்கிறார். ஆம் என்போர் அதிகம், நிறைவேறியது. அந்தக் குரலில் போகிறது உங்கள் வீட்டு உப்புக்கும் புளிக்கும் கொடுத்த வரி. யாராவது எண்ணிக் கணிக்கச் சொன்னால் மட்டும் தலை எண்ணுவார்கள். 2017 பிப்ரவரி 18 நினைவிருக்கிறதா? நம்பிக்கை வாக்கெடுப்பு. பிரதான எதிர்க்கட்சியினரை வெளியேற்றிய பிறகு, பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். 122 பேர் ஆதரவு, 11 பேர் எதிர்ப்பு. எந்த ஆட்சியின் உயிரும் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. ஆளுநர் மாளிகையில் இல்லை, சொகுசு விடுதியில் இல்லை, அவைக்குள்ளேதான் பெரும்பான்மையை நிரூபிக்க வேண்டும் என்று எஸ்.ஆர். பொம்மை வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதே அவையில் எப்படிப்பட்ட நாளெல்லாம் நடந்திருக்கிறது! இந்த மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கேட்டு சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்து 1956-இல் உயிரை விட்டார். 1967 ஜூலை 18, பேரறிஞர் அண்ணா தீர்மானத்தைக் கொண்டுவருகிறார். ஒருமனதாக நிறைவேறுகிறது. அண்ணா ‘தமிழ்நாடு’ என்கிறார், அவையே ‘வாழ்க’ என்கிறது. மூன்று முறை! (கைதட்டல் அடங்க நேரமாகிறது) ஆனால் அன்றைக்கே பெயர் மாறிவிடவில்லை, தாய்மார்களே. தீர்மானம் என்பது அவையின் விருப்பம். மாநிலத்தின் பெயரை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. அங்கே சட்டமாகி 1969 ஜனவரி 14-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அடுத்த பிப்ரவரி 3-இல் அண்ணா மறைந்தார். அந்தப் பெயரோடு அவர் வாழ்ந்தது மூன்று வாரம்கூட முழுதாக இல்லை.

பெருமையைச் சொன்னால் சிறுமையையும் சொல்ல வேண்டும். அவைக்குள் பேசியதற்காக எந்த நீதிமன்றமும் உறுப்பினரைக் கூண்டில் ஏற்ற முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு. யாருக்கும் பயப்படாமல் கேள்வி கேட்பதற்காகக் கொடுத்த பாதுகாப்பு அது. 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் பற்றி ஒரு ஜோக் வந்தது. அவை உரிமை மீறல் என்று சொல்லி, அதன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதம் சிறை! பத்திரிகையாளர்கள் கொதித்தார்கள், சில நாளில் விட்டார்கள். பிறகு உயர் நீதிமன்றம் அவருக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கேட்பவனுக்குக் கொடுத்த கேடயத்தை, கேட்டவன் தலையில் அடிக்க எடுத்தார்கள்! எங்கள் தாலுகாக்காரரை எதிரே நின்று திட்டியவர்கள் உண்டு. ‘அவனுக்கு ஏதோ குறை இருக்கிறது, கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்’ என்பார் அவர்.

நேரம் முடிந்தது என்று விழாத் தலைவர் மணி அடிக்கிறார். ஒன்று சொல்லி உட்காருகிறேன். அவை நடவடிக்கைகள் வரி வரியாகப் பதிவாகின்றன. யார் என்ன கேட்டார், அமைச்சர் என்ன சொன்னார், எல்லாம் அதில் இருக்கிறது. நம் கிளை நூலகத்தில் ஒரு பிரதி இல்லை. வாங்கி வைக்கச் சொல்லி மனு எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன்; வாசலில் மேசைமேல் இருக்கிறது. போகும்போது ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த முறை உங்கள் தெருவுக்கு உறுப்பினர் வந்தால், சால்வையைக் கொடுத்துவிட்டு அனுப்பிவிடாதீர்கள். போன கூட்டத்தொடரில் எங்கள் ஊருக்காக எத்தனை கேள்வி கேட்டீர்கள் என்று கேளுங்கள்.