பொன் போயிற்று, புழுதி நின்றது!



1902-இல் சிவசமுத்திர அருவியின் மின்சாரம் கோலார் தங்கவயலைத் தேடி வந்தது. வடஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர், 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கிப் பொன் எடுத்தனர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. எஞ்சியவை எவை? துருவேறும் இரும்புக் கோபுரங்கள், நீர் நிரம்பிய சுரங்கங்கள், சயனைடு மேடுகள்!

பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கழிவன்றோ அம்மேடுகள்! காற்றடித்தால் அப்புழுதி, உழைத்தவன் வீட்டுச் சோற்றிலே விழுகிறது.

சரிவைத் தணித்து, நல்ல மண் போர்த்தி, புல்லும் மரமும் வேரூன்றச் செய்தால் புழுதி அடங்கும். அறிவியல் அறிந்த வழி இது.

2024-இல் கர்நாடக அமைச்சரவை, 13 மேடுகளில் மிஞ்சிய பொன்னை எடுக்க இசைவு தந்தது. எடுங்கள்! ஆனால், அதன் முதற்பங்கு அந்த மண்ணைத் திருத்துவதற்கே என்று ஒப்பந்தத்திலே எழுதுங்கள்!